குதிரைகளைப் பற்றிக் கற்பிக்கும் வேலையில் மனநிறைவு கிடைக்குமா?

சில ஆண்டுகளாக லாயத்தில் வேலை செய்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார். குதிரைப் பராமரிப்பும் குதிரையேற்றமும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நிலையம் ஒன்றில் அவருக்கு ஆசிரியர் வேலை வந்திருக்கிறதாம். சம்பளம் சுமார்தான், வேலை நேரமோ அதிகம். துறையில் இருப்பவர்களை விசாரித்தால், பாதிப்பேர் "இதைவிட நல்ல வேலை கிடையாது" என்கிறார்கள். மீதிப்பேர் "குதிரை மேல் இருக்கும் ஆசையே போய்விடும்" என்கிறார்கள். யாரை நம்புவது, இந்த வேலையில் மனநிறைவு எங்கிருந்து வருகிறது என்பது அவருடைய கேள்வி.

இரண்டு தரப்பாரும் தங்கள் அனுபவத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். குதிரையோடு இருக்கலாம் என்ற ஒரே எண்ணத்தில் ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள் சில ஆண்டுகளில் சோர்ந்துபோனார்கள். குதிரையை இன்னொருவருக்குப் புரியவைப்பதில் ருசி கண்டவர்கள் நிலைத்து நின்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றுபோலத் தெரியும். வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவை எவ்வளவு விலகியவை என்பது தெரிந்துவிடும். காரணம் எளிது. ஆசிரியரின் நாளில் பெரும்பகுதி குதிரையின் முதுகில் கழிவதில்லை. மைதானத்தின் நடுவில் நின்றபடியும், லாயத்தில் ஒரு மாணவரின் கையைப் பார்த்தபடியும், வகுப்பறையில் பலகைக்கு முன்னாலும், பதிவேடுகளோடும் கழிகிறது. உங்களுக்குப் பிடித்த குதிரையில் வேறொருவர், அதுவும் சரியாக உட்காரத் தெரியாத ஒருவர், ஏறியிருப்பார். அதைப் பார்க்கும்போது உங்கள் மனத்தில் என்ன எழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குதிரைக் கல்வி என்றதும் "முதுகை நிமிர்த்துங்கள், குதிகாலைத் தாழ்த்துங்கள்" என்று குரல் கொடுக்கும் குதிரையேற்ற ஆசிரியர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். துறை அதைவிட அகலமானது. கல்லூரிகளில் உடற்கூறு, தீவனம், இனப்பெருக்கம் ஆகியவற்றைப் பாடமாக எடுப்பவர்கள், லாடம் அடிக்கவும் குளம்பு செதுக்கவும் கற்றுத்தருபவர்கள், பராமரிப்பாளர்களைத் தயார்செய்பவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிப் பயிற்சி தருபவர்கள், குதிரை வளர்ப்போரைத் தேடிப்போய் ஆலோசனை சொல்பவர்கள் எனப் பலரும் இதில் அடக்கம். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியே இந்தத் துறையிலிருந்து பிறந்ததுதான். பிரான்ஸின் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு அதை நிறுவிய கிளோது பூர்ஜெலா, அதற்கு முன் அந்த நகரின் குதிரையேற்றக் கழகத்தை நடத்திவந்தவர். இன்று விலங்கு மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு குதிரையேற்ற ஆசிரியருக்குக் கடன்பட்டவர் என்பதை நான் என் மாணவர்களிடம் பெருமையோடு சொல்வதுண்டு.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மனநிறைவு என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் விளங்காது. அது வரும் இடத்தைக் காட்டினால்தான் விளங்கும்.

புதிதாக வந்த மாணவர் ஒருவரின் கையில் தலைக்கயிற்றைக் கொடுத்து, குதிரையை ஓரடி பின்னால் நகர்த்தச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கயிற்றைப் பின்னோக்கித் தள்ளுவார். குதிரை தலையைத் தூக்கும். அவர் இன்னும் பலமாகத் தள்ளுவார். குதிரை கழுத்தை விறைத்துக்கொண்டு நாலு காலையும் ஊன்றிவிடும். எடை சுமார் 500 கிலோ; அதனிடம் பலத்தைக் காட்டி யாரும் ஜெயித்ததில்லை. அப்போது அவரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "கயிற்றில் லேசாக அழுத்தம் கொடுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், முன்னங்கால்களைப் பாருங்கள். எடை பின்னால் சாய்ந்த உடனே விரல்களைத் திறந்துவிடுங்கள்." முதல் தடவை அவர் விரல்களைத் திறக்கும்போது குதிரை அடியெடுத்து வைத்து நின்றும்விட்டிருக்கும். அடுத்த தடவையும் தாமதம்தான். பிறகு ஏதோ ஒரு முறை, தோள்பட்டை மெல்லப் பின்வாங்கி ஒரு குளம்பு மண்ணைவிட்டு எழும் அந்தக் கணத்திலேயே கயிறு தளர்ந்துவிடும். குதிரை ஓரடி வைத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி நீளமாக மூச்சு விடும். மாணவர் திரும்பி ஆசிரியரைப் பார்ப்பார். அழுத்தம் கேள்வி மட்டும்தான் கேட்கிறது, அதை விடுவிக்கும் கணத்தில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது என்பது அவர் கைக்குப் புரிந்துவிட்டது. நடத்தை அறிவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பாடமாக எழுதினால் இரண்டு வரி. கைக்குள் இறங்க எத்தனை நாள் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இறங்கியபின் அந்த மாணவர் வாழ்நாள் முழுக்கத் தொடப்போகும் ஒவ்வொரு குதிரைக்கும் வாய் கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

என் மனநிறைவு அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. நான் ஒருவனாக எத்தனை குதிரைகளைப் பராமரித்துவிட முடியும்? ஒழுங்காகக் கற்ற மாணவர்களின் கைகள் எங்கெங்கோ, நான் பார்க்கவே போகாத லாயங்களில், நான் பெயர்கூட அறியாத குதிரைகளைத் தொடுகின்றன. இந்த எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருமானால் இந்த வேலை உங்களுக்கு ஏற்றது.

இன்னொன்றும் உண்டு. பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியருக்குத் தன் பாடம் பதிந்ததா என்று தெரியத் தேர்வுவரை காத்திருக்க வேண்டும். நமக்கு அப்படியில்லை. குதிரை அந்த நொடியிலேயே சொல்லிவிடும். மாணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதன் முதுகு இறுகும். மூச்சை விட்டால் நடை நீளும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், ஒரு கணித ஆசிரியர். விடை எத்தனையோ அத்தனை முறை அது காலால் தரையைத் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து, 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் உடல் தன்னையறியாமல் தளர்வதை, தலை இம்மியளவு அசைவதை அது கவனித்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. பலர் இதைக் குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்ற செய்தியாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இதிலுள்ள செய்தி வேறு: மனிதர்கள் தமக்கே தெரியாமல் செய்யும் அசைவைப் படித்துவிடும் ஒரு விலங்கு நம் வகுப்பில் கூடவே நிற்கிறது. இப்படி ஒரு துணையாசிரியர் வேறு எந்தத் துறையில் இருக்கிறார்?

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் இதையே முறையாக வைத்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் அந்த மரபில் பழகிய குதிரை புதிய வீரருக்கும், தேர்ந்த வீரர் இளங்குதிரைக்கும் கற்றுத்தருகிறார்கள். புதியவர் முதலில் கடிவாள வாரும் அங்கவடியும் (பாதம் வைக்கும் வளையம்) இல்லாமல், ஆசிரியர் பிடித்திருக்கும் நீண்ட கயிற்றின் வட்டத்தில் சுற்றிச் சுற்றி உட்காரப் பழகுகிறார். முழுத் தேர்ச்சிக்குப் பல ஆண்டுகள் ஆகும். 2015இல் யுனெஸ்கோ அந்த மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அவசரப்படும் மாணவர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம்.

சவாரியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் துறையின் பாதியை விட்டவனாவேன். என்னைக் கேட்டால், தரையில் நின்று கற்பிக்கும் பாடங்களில்தான் நிறைவு ஆழமானது. குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. வயிறு உடலின் அளவுக்குச் சிறியது, குடலோ மிக நீளம். உள்ளே போனது சிக்கினால் அது சூலை நோயாகி (கடும் வயிற்றுவலி), சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நாங்கள் மாணவர்களுக்கு முதல் வாரத்திலிருந்தே பார்க்கக் கற்றுத்தருகிறோம். தாடை எலும்பின் அடியில் விரல் வைத்து நாடி பிடித்தால், ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிப்பு இருக்க வேண்டும். மூச்சு 8 முதல் 16. வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விலாவுக்குப் பின்னால் காது வைத்தால் குடல் ஓசை கேட்க வேண்டும். அமைதியாக இருந்தால் அது கெட்ட செய்தி. எண்களை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். அந்தக் குதிரைக்கு எது வழக்கம் என்று அறிந்திருப்பதுதான் கல்வி.

அதிகம் பேசாத ஒரு மாணவி இருந்தார். சவாரியில் சராசரி. ஒரு நாள் அதிகாலையில் லாயத்துக்கு வந்தவுடன் என்னிடம், "கடைசிக் கொட்டடிக் குதிரை ராத்திரி போட்ட புல்லில் பாதியை விட்டிருக்கிறது. லத்தியும் வழக்கத்தைவிடக் குறைவு, உருண்டைகள் சின்னதாக, காய்ந்து இருக்கின்றன. நாடி 52" என்றார். குதிரை பார்வைக்கு நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. இரண்டு முறை தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். மருத்துவர் உடனே வந்தார். ஆரம்பத்திலேயே பார்த்ததால் மருந்தோடு சரியாகிவிட்டது. யாரும் அவரை அன்று பார்க்கச் சொல்லவில்லை, நான் எதுவும் நினைவூட்டவும் இல்லை. அவரே பார்த்தார், அவரே எண்ணினார், அவரே முடிவெடுத்தார். போட்டிகளில் என் மாணவர்கள் கோப்பை வாங்கியபோதும் மகிழ்ந்திருக்கிறேன். அந்தக் காலையில் வந்த நிறைவுக்கு அது ஈடாகாது.

கண்ணை நம்பாமல் கையை நம்பக் கற்றுத்தரும் ஒரு பயிற்சியும் எனக்கு மிகவும் பிடித்தமானது. டான் ஹென்னெகி என்பவர் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1983இல் வகுத்த உடல்நிலை மதிப்பீடு அது. கழுத்து, பிடரிமேடு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு), தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வால் தொடங்கும் இடம் ஆகிய ஆறு இடங்களிலும் தடவிப் பார்த்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் தர வேண்டும். எலும்பும் தோலுமானால் 1, மிகையான கொழுப்பானால் 9. ஒரே குதிரையை மாணவர்கள் தனித்தனியே மதிப்பிட்டு எழுதச் சொல்வேன். அடர்ந்த ரோமம் வளர்ந்திருக்கும் காலத்தில் தூர நின்று பார்த்தவர் 6 என்று எழுதியிருப்பார். விரல்களை விலாவில் ஓட்டிப் பார்த்தவர் 4 என்று எழுதியிருப்பார். பிறகு நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, அதை நடத்துவதற்காகவே ஆசிரியராக இருக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்கும் பிரிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1944இல் போலியோவால் பாதிக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே தசைகளின் இயக்கம் திரும்பவேயில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. அவர்தான் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், டிரஸ்ஸாஜ் எனப்படும், குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக்காட்டும் போட்டியில் பெண்கள் முதன்முறையாக ஆண்களோடு களமிறங்கியபோது, வெள்ளிப் பதக்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு வெள்ளி. பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சி வளர அவருடைய வெற்றி பெரிய உந்துதலாக அமைந்தது. இந்தப் பிரிவில் வேலை செய்பவர்களிடம் மனநிறைவைப் பற்றிக் கேட்டால், தன்னால் நடக்க முடியாத ஒரு குழந்தை குதிரையின் நடையோடு சேர்ந்து அசைவதைப் பற்றித்தான் பேசுவார்கள். அதே சமயம் இது அதிகப் பொறுமையும் தனிப் பயிற்சியும் கேட்கும் பணி. நல்ல மனம் மட்டும் போதாது. குதிரையேற்றத்தோடு உடலியக்கத்தையும் மாணவரின் உடல்நிலையையும் அறிந்தவரே இதில் இறங்க வேண்டும்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். "ஆசையே போய்விடும்" என்றவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை.

மிகப் பெரிய சோதனை பயிற்சிக் குதிரைகளைப் பற்றியது. நிலையத்துக்கு வருமானம் சவாரி நேரத்திலிருந்து வருகிறது. குதிரைக்கு ஓய்வு வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் ஆசிரியர். முதுகு நொந்த குதிரையை இன்னொரு வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? இங்கேதான் பலருடைய மனம் உடைகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த சூ டைசன் என்ற மருத்துவர், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காதைப் பின்னால் மடித்தே வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலைச் சுழற்றுவது, திடீரென்று நடையை மாற்றுவது போன்றவை. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் உடலில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். முரண்டு பிடிக்கிறது, சோம்பேறி, திமிர் என்று நாம் பெயர் வைத்ததில் பெரும்பகுதி வலி என்று இந்தப் பட்டியலைப் படித்தபின் எந்த ஆசிரியருக்கும் புரியும். புரிந்த பிறகு பேசாமல் இருந்தால் நிம்மதி போய்விடும். "இந்தக் குதிரை இன்று வேலை செய்யாது" என்று சொல்லும் அதிகாரம் ஆசிரியருக்கு இருக்கும் நிலையத்தில் மனநிறைவு வளரும். அந்த அதிகாரம் இல்லாத இடத்தில், சம்பளம் எவ்வளவு தந்தாலும் அது நிற்காது. என் கருத்தில் இது பேரத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.

அடுத்தது பணம். ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இல் ஒரு கருத்தை வெளியிட்டார். சம்பளம், வேலைச் சூழல், மேலாளரின் நடத்தை ஆகியவை மோசமாக இருந்தால் அதிருப்தி வரும். ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே திருப்தி வந்துவிடாது. திருப்தியைத் தருபவை வேறு: சாதித்த உணர்வு, பிறர் அதை மதிப்பது, வேலையின் தன்மை, பொறுப்பு, வளர்ச்சி. குதிரைத் துறையில் இரண்டாவது வகை நிறைய கிடைக்கிறது. அதனாலேயே முதல் வகையைக் குறைத்துக் கொடுக்கப் பலர் துணிகிறார்கள். "உங்களுக்குத்தான் குதிரை என்றால் உயிராயிற்றே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பார்கள். மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்ப்சன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. இந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள் தாங்கள் என்று நினைத்த பராமரிப்பாளர்களுக்கு வேலை மிகுந்த அர்த்தமுள்ளதாக இருந்தது. அதே உணர்வால் அவர்கள் பணத்தையும் நேரத்தையும் உடல் சுகத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். நிர்வாகம் தங்களைச் சுரண்டுகிறதோ என்ற ஐயமும் அவர்களுக்கு அதிகமாக இருந்தது. லாயத்தில் வேலை செய்த எவருக்கும் இதைப் படித்தால் தன் கதையைப் படிப்பதுபோல இருக்கும்.

ஆகவே வேலையை ஏற்கும் முன் வெட்கப்படாமல் கேளுங்கள். விபத்துக் காப்பீடு உண்டா, அது மாணவருக்கு ஏற்படும் காயத்துக்கு என் பொறுப்பையும் சேர்க்கிறதா? வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு உண்டா, அன்று குதிரைகளைப் பார்ப்பது யார்? ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள்? ஒரு குதிரை நாளில் எத்தனை மணி நேரம் சவாரிக்குப் போகிறது? பாடம் தயார்செய்யும் நேரத்துக்கும் சம்பளம் உண்டா? குதிரைக்குக் காயம் என்றால் முடிவெடுப்பது யார்? இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் நிலையம் பிற்பாடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த முகமே சொல்லிவிடும். நல்ல நிலையங்கள் இந்தக் கேள்விகளை மதிக்கும். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

உடல் களைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாயத்தில் வேலை செய்த உங்களுக்கே தெரியும். குரல் கட்டிக்கொள்வது மட்டும் புதிதாக இருக்கும். திறந்த மைதானத்தில் நாள் முழுதும் கத்துவதற்குப் பதில் மாணவரை அருகில் நிறுத்தி விளக்கிவிட்டு, ஓடும்போது ஒற்றைச் சொற்களை மட்டும் பயன்படுத்தப் பழகுங்கள். மாணவர்களுக்கும் அதுதான் நல்லது. குதிரையின் மேல் இருப்பவரால் நீளமான வாக்கியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

மனக் களைப்பு வேறு விதமானது. தொடக்கநிலை மாணவர்களுக்கு அதே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். குதிகால், கை, பார்வை, மூச்சு. மறுநாள் புதிய முகங்கள், மறுபடியும் குதிகால், கை, பார்வை, மூச்சு. இதில் சலிப்புத் தட்டாமல் இருப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் பாடத்தைப் பார்ப்பதில்லை, எதிரில் இருப்பவர் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் குதிகால் மேலே போவது கணுக்கால் இறுக்கத்தால், இன்னொருவருக்குப் பயத்தால், மூன்றாமவருக்கு அங்கவடி வாரின் நீளம் தவறு. வெளியே ஒரே தவறு, உள்ளே மூன்று காரணம். அந்தத் தேடலில் ஆர்வம் இருந்தால் ஆயிரமாவது தொடக்க மாணவரும் புதியவரே.

சொந்தச் சவாரியை விட்டுவிடாதீர்கள். வாரத்தில் கொஞ்ச நேரமாவது, கற்பிப்பதற்காக இல்லாமல் உங்களுக்காக ஏறுங்கள்; முடிந்தால் உங்களைவிடத் தேர்ந்த ஒருவரிடம் பாடம் கேளுங்கள். ஆசிரியர் தானும் திணறிக்கொண்டிருக்கும் மாணவராக இருக்கும்வரை அவருடைய சொற்களில் உயிர் இருக்கும். கற்றல் கோட்பாடு, குதிரை நலம், சேணப் பொருத்தம் என எல்லாவற்றிலும் ஆராய்ச்சி வேகமாக நகர்கிறது. 2007இல் தொடங்கிய சர்வதேசக் குதிரையேற்ற அறிவியல் சங்கம் பயிற்சிக்கான கொள்கைகளை எளிய வடிவில் வெளியிட்டுவருகிறது, தேடிப் படியுங்கள். பரம்பரையாகச் சொல்லப்பட்ட சில விஷயங்கள் அதில் உறுதிப்படும், சில உதிர்ந்துபோகும். இரண்டையும் மாணவர்கள் முன்னிலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். நாம் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. மாணவர்களின் மதிப்பு அதனால் கூடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக் குதிரைகள் முதுமையடையும், இறக்கும். உங்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்களைப் பொறுமையாகச் சுமந்த ஒரு குதிரையை அனுப்பிவைக்கும் நாள் வரும். அன்று மாணவர்களும் உங்களைத்தான் பார்ப்பார்கள். துக்கத்தை மறைக்கத் தேவையில்லை. ஓய்வுபெறும் குதிரைக்கு என்ன ஏற்பாடு என்று நிலையத்திடம் முன்பே கேட்டுவைத்திருந்தால், அந்த நாளின் பாரம் கொஞ்சம் குறையும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். முடிவைச் சொல்ல ஒரு மாத அவகாசம் கேளுங்கள். அதற்குள் அங்கே சில வகுப்புகளை உதவியாளராக நடத்த அனுமதி வாங்குங்கள்; குறிப்பாக, அச்சப்படும் ஒரு தொடக்க மாணவரோடு, குதிரையில் ஏறாமலேயே ஒரு முழு வகுப்பைச் செலவிடுங்கள். குதிரையை உருவிவிடவும், காலைத் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்யவும், கயிற்றைப் பிடித்து நடத்தவும் மட்டும் சொல்லிக்கொடுங்கள். அந்த நேரம் முழுக்க "நான் ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று உங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தால், குதிரையோடு நேரடியாக இருக்கும் வேலையே உங்களுக்குச் சரி; இளங்குதிரைகளைப் பழக்குவதோ லாய நிர்வாகமோ இதைவிட எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. அந்த மாணவரின் கை நடுக்கம் எப்போது நின்றது என்று உங்களால் துல்லியமாகச் சொல்ல முடிந்தால், அன்று இரவு அதைப் பற்றி யாரிடமாவது பேசத் தோன்றினால், வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கும் முன் விடுப்பு, காப்பீடு, குதிரையை நிறுத்திவைக்கும் அதிகாரம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.